வாடகைக் காரில் கைக்குழந்தை: தனி இருக்கை எதற்கு, எப்படி?

திருச்சி விமான நிலையத்திலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மதுரையில் இறங்கி மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்தாலும் தொலைவில் பெரிய வேறுபாடு இல்லை. கல்யாணம், மணிவிழா, குடமுழுக்கு என்று சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் செட்டிநாட்டு ஊர்களுக்கு வரும் குடும்பங்களில் பலர் இந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை வாடகைக் காரில்தான் கடக்கிறார்கள். அந்தக் காரில் பெரியவர்களுக்கு இருக்கை உண்டு, பெட்டிகளுக்கு டிக்கி உண்டு, மிஞ்சியவற்றுக்கு மேலே கேரியரும் உண்டு. எட்டு மாதக் குழந்தை யார் மடியில் என்பது மட்டும் வண்டி புறப்படும் நேரத்தில்தான் முடிவாகிறது. அந்தக் குழந்தைக்கும் தனியாக ஓர் இருக்கை ஏன் வேண்டும், அதைப் பிறர் வண்டியில் எப்படிப் பொருத்துவது என்பதை, குழந்தை இருக்கையை இதுவரை தொட்டே பார்த்திராதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

குழந்தை இருக்கை என்பது காரின் இருக்கைமேல் வைத்து இறுக்கப்படும், கெட்டியான ஓடு கொண்ட சிறிய இருக்கை. காரின் சீட் பெல்ட்டால் அதைக் கட்டலாம். சில கார்களில் அதற்கென்றே உள்ள உலோக வளையங்களில் மாட்டலாம். உள்ளே இரு தோள்கள், இடுப்பின் இரு பக்கங்கள், கால்களுக்கு நடுவே என ஐந்து இடங்களில் குழந்தையைப் பிடிக்கும் வார்கள் இருக்கும். குழந்தை சௌகரியமாக உட்கார்வதற்கான மெத்தை இது என்று பலர் எண்ணுகிறார்கள். சௌகரியம் இரண்டாவது. வண்டி திடீரென நிற்கும்போது குழந்தையும் வண்டியோடு சேர்ந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஓடும் வார்களும்.

மடி ஏன் போதாது

வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. “நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்?” என்று அப்பத்தா கேட்பதில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கணக்கு அவருக்கு எதிராக இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதினால், பெல்ட் போட்ட பெரியவரின் உடல் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள் நின்றுவிடுகிறது. அந்தப் பத்தில் ஒரு நொடியில் எட்டுக் கிலோ குழந்தையைத் தம்மோடு நிறுத்திவைக்க, 110 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஈடான பிடி வேண்டும். நான்கு 25 கிலோ அரிசிப் பைகளையும் அதற்கு மேல் ஒரு பத்துக் கிலோவையும் ஒரே இழுப்பில் தடுத்து நிறுத்துவது போன்றது அது. அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், பாதித் தூக்கத்தில். எவ்வளவு வலுவான கையாக இருந்தாலும் பிடி நழுவிவிடும். மடியில் வைத்திருப்பவர் தாமே பெல்ட் போடாதவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருடைய 60 கிலோ எடையும் சேர்ந்து, முன் இருக்கைக்கும் தமக்கும் நடுவே குழந்தையை நசுக்கும்.

வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் எளிதாகப் புரியும். மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 80 கிலோமீட்டரானால் அது 25 மீட்டர். செட்டிநாட்டு வீட்டின் மொட்டைமாடி விளிம்பில் குழந்தையோடு நிற்கவே அஞ்சுகிற நாம், திருமயம் சாலையில் அதே குழந்தையை 80 கிலோமீட்டர் வேகத்தில் முழங்காலில் நிற்க வைத்துச் சன்னலுக்கு வெளியே ஆடு மாடு காட்டுகிறோம். அந்த ஆடோ மாடோ சாலையின் குறுக்கே வந்து ஓட்டுநர் அழுத்திப் பிரேக் போட்டாலே போதும், மோதல்கூட நடக்க வேண்டியதில்லை. குழந்தை முன் இருக்கையின் முதுகில் போய் இடிக்கும்.

தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது இதற்குத் தீர்வு ஆகாது. உண்மையில் அது மடியைவிடக் கேடானது, ஏனெனில் பெரியவரின் உடல் முழு எடையோடு பின்னாலிருந்து தள்ள, பெல்ட் குழந்தையின் வயிற்றில் கத்தி போல அழுந்தும். துணியால் மார்போடு கட்டிக்கொள்ளும் தூளியும் பேபி கேரியரும் நடப்பதற்கு உரியவை. மோதலைத் தாங்கும்படி அவை செய்யப்படுவதில்லை.

குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சிறிதாக்கியது அன்று. பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. வளர்ந்தவருக்கோ எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு பாரமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் அப்போது முழுமையாக எலும்பாகியிருப்பதில்லை, தசைநார்களும் தளர்வானவை. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தையின் உடலை வார்கள் நிறுத்திவிட்டாலும் தலை முன்னே பாயும். அந்த இழுப்பைக் கழுத்து தாங்காது. இதனால்தான் கைக்குழந்தையை வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறார்கள். முன்புற மோதலில் அப்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக இருக்கையின் ஓட்டில் அழுந்தி, விசை முதுகு முழுவதும் பரவிவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணிப்பின்படி, கார்களில் முறையாகப் பொருத்திய குழந்தை இருக்கை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயது வரையானவர்களின் உயிரிழப்பை 54 விழுக்காடும் குறைக்கிறது.

எந்தக் குழந்தைக்கு எந்த இருக்கை

கடையில் காணும் வகைகள் பலவாகத் தோன்றினாலும் அடிப்படையில் மூன்றே நிலைகள்தாம். முதலாவது, பின்னோக்கிய இருக்கை. குழந்தை இருக்கைகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறை 129, பதினைந்து மாதம் நிறையும் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்சம் மட்டுமே. இருக்கை தயாரித்தவர் குறித்துள்ள எடை, உயர எல்லையைத் தொடும் வரை பின்னோக்கியே வைத்திருப்பது நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. கால் மடங்குகிறதே, பிள்ளைக்கு வலிக்காதா என்று வீட்டில் கேட்பார்கள். நாள் முழுவதும் தரையில் சம்மணமிட்டு விளையாடும் பிள்ளைக்குக் கால் மடங்குவது ஒரு பொருட்டே அன்று.

இரண்டாவது, ஐந்து முனை வார் கொண்ட முன்னோக்கிய இருக்கை. பெரும்பாலானவை சுமார் 18 கிலோ வரை தாங்கும். மூன்றாவது, பூஸ்டர் எனப்படும் உயர்த்தி. இதில் தனி வார் கிடையாது; குழந்தையைச் சற்று உயர்த்தி, காரின் பெல்ட்டே சரியான இடத்தில் படியும்படி செய்வது மட்டுமே அதன் வேலை. பெல்ட்டின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும், வயிற்றின்மேல் அன்று. சிறு பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பின் முன்முனை இன்னும் திரண்டிராததால் பெல்ட் மேலே வழுக்கி, குடலையும் கல்லீரலையும் அழுத்திவிடும். மேல்பகுதி கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். நான்கு வயதை ஒட்டி, 15 கிலோ தாண்டிய பிள்ளைகள் பூஸ்டருக்கு மாறலாம் என்றாலும், முதலில் முதுகுள்ள பூஸ்டரே ஏற்றது. உயரம் 135 முதல் 150 சென்டிமீட்டருக்குள் எங்கோ ஓரிடத்தில் காரின் பெல்ட் மட்டுமே போதும் என்ற நிலை வரும். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, முழங்கால் இருக்கை விளிம்பில் இயல்பாக மடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மடியாவிட்டால் பிள்ளை சரிந்து உட்காரும், பெல்ட் வயிற்றுக்கு ஏறும்.

வாங்கும்போது இருக்கையில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சீட்டைத் தேடுங்கள். ஐக்கிய நாடுகளின் ஒழுங்குமுறை 44 அல்லது 129 என்பது அதில் இருக்கும். இந்தியாவில் இதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ்.-072. உறவினர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தரும் பழைய இருக்கை விபத்தில் சிக்கியதா, எத்தனை ஆண்டு வெயிலில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுவதே சரி. பிளாஸ்டிக்கின் உள்விரிசல் வெளியே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தைகள் பற்றிய அந்த உட்பிரிவில் வாடகைக் காருக்கென்று தனி விலக்கு எழுதப்படவில்லை. சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு உரிய இருக்கை கட்டாயம், ஆனால் டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்திலும் டாக்சி ஓட்டுநரிடம் இருக்கை இல்லாவிட்டால் குழந்தை அது இல்லாமலே பின்னால் அமர்ந்து செல்லலாம். அங்கிருந்து வரும் உறவினர்கள் இந்த விலக்கை நினைவில் வைத்துக்கொண்டு, டாக்சி என்றால் ஆபத்துக் குறைவு போலும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தெருவில் கை காட்டி ஏறும் வண்டி ஒவ்வொன்றிலும் எல்லா அளவு இருக்கைகளையும் வைத்திருக்க முடியாது என்ற நடைமுறைச் சிக்கலுக்காகத் தரப்பட்ட விலக்கு அது. நகரத்துக்குள் பத்து நிமிடம் போவதை மனத்தில் வைத்து எழுதிய விலக்கை 90 கிலோமீட்டர் நெடுஞ்சாலைக்கு நீட்டுவது பொருந்தாது.

பிறர் வண்டியில் பொருத்துவது

சொந்தக் காரில் ஒரு முறை பொருத்தினால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வாடகைக் காரில் அது நடவாது. ஒவ்வொரு பயணத்திலும், முன்பின் பார்த்திராத வண்டியில், டிக்கியில் பெட்டி அடுக்கும் சத்தத்துக்கு நடுவே, ஓட்டுநர் மணி பார்த்துக்கொண்டிருக்கப் பொருத்த வேண்டும். ஆகவே இருக்கை உங்களுடையதாக இருக்க வேண்டும். அதைக் கட்டும் பழக்கமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கத்து டிராவல்ஸ் வண்டிகளில் குழந்தை இருக்கையைக் கேட்டுப் பெறுவது அரிது என்பதால், குழந்தையின் பால்புட்டியை எப்படி நாமே கொண்டுபோகிறோமோ அப்படித்தான் இதையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பல விமான நிறுவனங்கள் குழந்தை இருக்கையைக் கூடுதல் கட்டணமின்றிச் சரக்கில் ஏற்றிக்கொள்கின்றன. இறக்கியதும் ஓட்டில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்பது நல்லது.

வண்டி பேசும்போதே தொலைபேசியில் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “அண்ணே, பின் சீட்டில் பெல்ட்டும் லாக்கும் வெளியே எடுத்து வேலை செய்யும்படி இருக்கிறதா?” இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாடகை வண்டிகளில் பெல்ட் கெட்டுப்போயிருப்பது குறைவு. சீட் கவர் தைத்தவர் பெல்ட் செருகும் லாக்கை உள்ளே தள்ளி மூடிவிட்டிருப்பதுதான் அதிகம். ஒரு முறை தேவகோட்டை ரஸ்தாவில் மாலை வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில், சீட் கவரின் மடிப்புக்குள் கைவிட்டு அந்த லாக்கைத் தேடியே கால் மணி நேரம் கழித்தேன். ஓட்டுநரும் பொறுமையாகக் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல்நாளே சொல்லியிருந்தால் அவரே எடுத்து வைத்திருப்பார்.

இருக்கையைப் பின்வரிசையில், சாலையோரமாகிய இடப்பக்கம் வைப்பது வசதி. குழந்தையை ஏற்றி இறக்கும்போது போக்குவரத்துப் பக்கம் நிற்க வேண்டியிராது. நடு இருக்கையில் இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட் இருந்தால் அந்த இடம் பெரும்பாலான குழந்தை இருக்கைகளுக்கு உதவாது. முன் இருக்கை வேண்டவே வேண்டாம். அங்குள்ள ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது; பின்னோக்கிய இருக்கையின் முதுகில் அது அறைந்தால் குழந்தையின் தலைக்கு நேரும் அடி உயிரைப் பறிக்கக்கூடியது. முன்னால் அம்மா மடியில் குழந்தை என்ற வழக்கமான ஏற்பாட்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

பெல்ட் செல்ல வேண்டிய வழியை இருக்கையிலேயே வண்ணமிட்டுக் காட்டியிருப்பார்கள்; பல இருக்கைகளில் பின்னோக்கிப் பொருத்த நீலம், முன்னோக்கிப் பொருத்தச் சிவப்பு. முறுக்கில்லாமல் அந்த வழியே செலுத்தி, லாக்கில் செருகி, ஒரு கையால் இருக்கையை அழுத்திக்கொண்டு மறு கையால் தளர்வை முழுவதும் இழுத்துவிட வேண்டும். பிறகு, பெல்ட் செல்லும் அந்த இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் எந்த இருக்கையும் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து இருக்கை கொண்டுவருபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்குள்ள கார்களின் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால், உள்ளே சுருளும்போது அது பூட்டிக்கொள்ளும். அந்த இறுக்கத்தை நம்பியே அங்கே இருக்கையைக் கட்டுகிறார்கள். இங்குள்ள பல கார்களின் பெல்ட் திடீர் இழுப்பின்போது மட்டுமே பூட்டும், மற்ற நேரத்தில் தாராளமாக நீளும். எனவே இருக்கையிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று அங்கிருந்து கிளம்பும் முன்பே கையேட்டில் பார்த்துவிட வேண்டும். ஐசோஃபிக்ஸ் வளையங்கள் உள்ள வண்டி கிடைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். அவை பின் இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், விரலுக்குத் தட்டுப்படும் இரண்டு கம்பி வளையங்கள். அப்போதும் இருக்கையோடு வரும் மேல்பட்டையையோ (குழந்தை இருக்கையின் உச்சியைக் காரோடு பிணைப்பது) தாங்கு காலையோ (காரின் தரையில் ஊன்றுவது) மாட்டாமல் விடக்கூடாது.

இனிக் குழந்தை. வார்களை இறுக்கியபின் தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கிள்ள வந்தால் தளர்வு இருக்கிறது என்று பொருள். பின்னோக்கிய இருக்கையில் வார் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ கிளம்ப வேண்டும், முன்னோக்கியதில் தோள்மட்டத்திலோ சற்று மேலிருந்தோ. விசேஷ வீட்டுக்குப் போகும் பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடையை உடுத்தியே கூட்டிக்கொண்டு போகும் ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் கால்களுக்கு நடுவே வரும் வாரைப் பட்டு மடிப்புகள் தள்ளிவைத்துவிடும், வழுக்கவும் செய்யும். மெல்லிய பருத்திச் சட்டையில் கூட்டிப்போய், பாவாடையைக் கல்யாண வீட்டில் உடுத்திவிடலாம். கழுத்துச் சங்கிலியும் அப்படியே.

சூட்டை மறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நின்ற வண்டியில் வாரின் உலோகப் பகுதி தோலைச் சுடும் அளவுக்குக் காயும். கைக்குழந்தையை அமர்த்துமுன் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். டீ குடிக்க இறங்கும் ஐந்து நிமிடத்துக்குக்கூடக் குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகக் கூடாது. பின்னோக்கிய இருக்கை அரைவாசி சாய்ந்து, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் இருந்தால் பச்சிளங்குழந்தையின் மோவாய் மார்பில் கவிழ்ந்து மூச்சை அடைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே நீட்டாக அமர்த்தாமல், வண்டியை நிறுத்தித் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைக்கு இன்னும் அடிக்கடி நிறுத்த வேண்டும். அழுகிறது என்று ஓடும் வண்டியில் வாரை அவிழ்ப்பதுதான் நாம் எல்லாரும் செய்யும் பிழை.

பின் கண்ணாடியை ஒட்டிய தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்கும் தேன்குழலும் மாவுருண்டையும் நிறைந்த எவர்சில்வர் சம்படங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஏறுகின்றன. வண்டி நிற்கும்போது அவை நிற்பதில்லை. அவற்றின் இடம் டிக்கி.

இருக்கையே இல்லாவிட்டால்

சில வேளைகளில் இவ்வளவும் கைகூடாது. நான்கைந்து வயதுப் பிள்ளையானால் பின்னால் தனியாக உட்கார வைத்து, பெல்ட்டின் கீழ்ப்பகுதியைத் தொடையோரமாக இறக்கிப் பூட்டுங்கள். ஒரே பெல்ட்டுக்குள் இரண்டு பிள்ளைகளைக் கட்ட வேண்டாம், பெல்ட்டின் மேல்பகுதியை முதுகுக்குப் பின்னால் தள்ளவும் வேண்டாம். கைக்குழந்தைக்கு இருக்கைக்கு ஈடான மாற்று எதுவும் இல்லை. சென்னையிலிருந்து வருபவர்கள் பல்லவன் விரைவு வண்டியில் காரைக்குடி வரை வந்து, கடைசிச் சில கிலோமீட்டரை மட்டும் மெதுவாகச் செல்லும் வண்டியில் கடக்கலாம். கார்தான் என்றால் பின்வரிசையில் பெரியவர் தமக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு, அதற்கு வெளியே குழந்தையை ஏந்தி, ஓட்டுநரிடம் 40 கிலோமீட்டருக்குமேல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வேகம் 80-இலிருந்து 40-ஆகக் குறைந்தால் மோதலின் ஆற்றல் கால் பங்காகிறது. இது பாதுகாப்பு ஆகிவிடாது. ஆபத்தில் ஒரு பகுதி குறைகிறது, அவ்வளவுதான்.

ஊர் வந்து சேர்ந்ததும் இருக்கையை வண்டியிலேயே விட்டுவிடாமல் கழற்றி, வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், வெயில் படும் இடம் தவிர்த்து, அதை ஒட்டிய நிழலான பட்டாலை ஓரமாக வையுங்கள். விசேஷம் முடிந்து திரும்பும் நாளில் வருவது பெரும்பாலும் வேறொரு வண்டியாக இருக்கும். அதன் லாக்கும் சீட் கவருக்குள்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, பதினைந்து நிமிடம் முன்னதாகவே வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.